ஆல்பம் பையும் பாயிண்டுக் கணக்கும்



ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்துவிட்டன. சிவகாசி பக்கத்து எங்கள் திருத்தங்கலில் இந்த வாரம் எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் கனத்த பை ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது. முருகன், பிள்ளையார், சிரிக்கும் குழந்தை, அருவி, பச்சை வயல் என்று அடுத்த வருடம் முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் கோவை, ஹைதராபாத், விஜயவாடா, ஹூப்ளி என்று ஆர்டர் பிடிக்க லைனுக்குக் கிளம்புவார்கள். ஒரு பக்கம் காலண்டர் ஆர்டர், இன்னொரு பக்கம் பட்டாசு ஆர்டர். தீபாவளி வரை அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு அபூர்வம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அப்படிக் கிளம்பவிருந்த தம்பி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். அச்சகம் ஒன்றில் சேல்ஸ்மேன், வயது இருபத்தேழு இருக்கும். கையிலிருந்த மூன்று வழவழப்பான நோட்டீஸை என் மேஜையில் வரிசையாக வைத்தார்.

“அண்ணாச்சி, மூணு பேங்குல இருந்தும் போன் மேல போன். மூணுமே டிராவல் கார்டாம். பாயிண்ட் தாராங்களாம், லவுஞ்சு தாராங்களாம். எதை எடுக்க?”

ஒன்றில் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒன்றில் சோபாவும் காபிக் கோப்பையும். மூன்றாவதில் ரயில். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்து. நம் ஊரில் பாயிண்ட் என்றால் எழுத்தின் அளவு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பி அச்சுத் தொழிலில் இருப்பவர், தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: “முன்னாடி நாப்பத்தெட்டு பாயிண்ட், பின்னாடி அஞ்சு பாயிண்ட்.” தினசரிக் காலண்டர் தாளில் நாம் போடும் ராசிபலன்கூட அதைவிடப் பெரிது.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை வேறு விஷயத்துக்காக வைத்திருந்தேன். ஆனால் தம்பியின் கேள்வி இன்றைக்கு நம் பகுதியில் பல வீடுகளில் இருக்கிற கேள்வி. நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்திலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டது. அது பெருநகரத்துச் சமாசாரம் என்று நாம் ஒதுங்கி இருக்கும் காலம் போய்விட்டது.

நான் தம்பியிடம் மூன்று நோட்டீஸையும் ஓரமாக வைக்கச் சொன்னேன். போனில் போன வருடத்து டிக்கெட்டுகளை எடுக்கச் சொன்னேன். கிழித்துப் போட்ட பழைய தினசரித் தாளைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம். ஒரு வருடத்தில் பத்தொன்பது ரயில் டிக்கெட். அதில் பதின்மூன்று ஸ்லீப்பர், ஆறு மட்டும் மூன்றாம் ஏசி. பஸ் பயணம் எண்ணிக்கையில் இல்லை. விமானம் ஒரே ஒரு முறை, மதுரையிலிருந்து, அதுவும் முதலாளி அவசரமாக அனுப்பியதால். ஏசி டிக்கெட் ஆறுக்கும் சேர்த்துச் செலவு சுமார் ஒன்பதாயிரம் ரூபாய்.

இனி ரயில் படம் போட்ட கார்டைப் பார்ப்போம். ஐ.ஆர்.சி.டி.சி.யோடு சேர்ந்து சில வங்கிகள் இப்படிக் கார்டு தருகின்றன. எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனம் தருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் பெரிய பாயிண்ட் கிடைப்பது ஏசி வகுப்புகளுக்கும் சேர் காருக்கும்தான். ஸ்லீப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. “பத்து சதவீதம் வரை” என்பார்கள். அந்த “வரை” என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து நூற்றுக்கு ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பதாயிரத்துக்கு 450 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 என்று வைத்தால், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. ரயில் கார்டாவது தனக்குப் பொருந்தும் என்று நினைத்திருந்தார்.

அதே கார்டு அவருடைய மச்சானுக்குப் பொருந்தும். அவர் பட்டாசு ஏஜென்சி வைத்திருக்கிறார். சிவகாசியில் பொதிகை ஏறினால் இரண்டாம் ஏசிதான், கூடவே இரண்டு பேர். வருடத்துக்கு ரயிலுக்கு மட்டும் அறுபதாயிரம் ஆகிறது. நூற்றுக்கு ஐந்து என்றாலும் மூவாயிரம் வந்துவிடும், கட்டணம் போக இரண்டாயிரத்து நானூறு மிச்சம். ஒரே வீட்டில் இருவர், ஒரே ரயில், ஒரே கார்டு. ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். “எந்தக் கார்டு நல்லது” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். நீங்கள் எந்த வண்டியில், எந்த வகுப்பில், வருடத்துக்கு எத்தனை முறை போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் பதில்.

சோபாப் படம் போட்ட கார்டுக்கு வருவோம். விமான நிலைய லவுஞ்சு. நம் ஊரிலிருந்து மதுரை விமான நிலையம் ஒன்றரை மணி நேரம், தூத்துக்குடி அதைவிடத் தூரம். வருடத்துக்கு ஒரு முறை விமானம் ஏறுகிறவர் லவுஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்ட வேண்டுமா? போதாக்குறைக்கு, முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் கதவு திறக்கும் என்று பல வங்கிகள் நிபந்தனை போட்டுவிட்டன. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு இதை 35,000 ரூபாய் என்று வைத்தது. இலவசக் காபிக்காக மூன்று மாதத்தில் முப்பத்தைந்தாயிரம் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிட்டால், அதற்குப் பெயர் சலுகை அல்ல.

லவுஞ்சு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பேட்டை நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கத்து வியாபாரிகள் மாட்டுவண்டியில் சரக்கேற்றிப் போன காலத்தில் வழியெல்லாம் கள்ளர் பயம். அதற்காக அவர்கள் ஊருக்கு ஊர் மதில் எழுப்பிப் பேட்டை கட்டினார்கள். மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குக் கிட்டங்கி, மனிதனுக்குப் படுக்க இடம். அந்தச் செலவுக்கு மகமை வைத்தார்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று எல்லோரும் கொடுத்தது அது. பின்னாளில் இந்த மகமைப் பணத்தில்தான் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குப் போனது என்பது கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பயணிக்குச் சலுகை என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று தெரிந்துகொண்டு அனுபவித்தவர்கள் நம் முன்னோர்.

கார்டுப் பாயிண்டின் செலவு யார் தலையில் விழுகிறது?

இதே கேள்வியை முதலில் கேட்ட ஊரே திருத்தங்கல்தான் என்றுகூடச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சோழநாட்டுப் பராசரன் சேரனிடம் போய்ப் பெரும் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில் நம் தங்காலில், அதாவது இன்றைய திருத்தங்கலில், தங்குகிறான். இங்கே பிழையில்லாமல் மறை ஓதிய ஒரு சிறுவனுக்கு அணிகலன்களைக் கொடுத்துவிட்டுப் போகிறான். இத்தனை நகை இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று சந்தேகப்பட்ட காவலர்கள் சிறுவனின் தந்தை வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி அழுகிறாள், ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்து உண்மை அறிந்து வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான். பயணத்தில் கிடைத்த பரிசு, அது யார் பணம் என்ற கேள்வி, சரியாக விசாரிக்காததால் வந்த துன்பம், மூன்றும் அந்தக் கதையில் இருக்கின்றன. காவலர்கள் கேட்ட கேள்வியில் தவறில்லை, விசாரிக்காமல் முடிவு கட்டியதில்தான் தவறு.

நாமும் விசாரிப்போம். கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுப் பணமும் போவதில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் பிடித்துக்கொள்கின்றன. அதில் ஒரு பங்கு பாயிண்டாக உங்களுக்குத் திரும்பி வருகிறது. நம் ஊர் மொத்த வியாபாரி இதைத் தாங்கமாட்டார், “கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்” என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவார். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்து, ஐந்நூறோ ஆயிரமோ பெறுமானமுள்ள பாயிண்டை வாங்குவது வியாபாரம் தெரிந்தவர் செய்கிற காரியமல்ல. அங்கே ரொக்கமோ செக்கோ கொடுத்துவிடுங்கள்.

பாயிண்டுச் செலவின் இன்னொரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. மாதம் முழுப் பில்லையும் கட்ட முடியாதவர்களின் வட்டியிலிருந்து வருகிறது. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்றால் நோட்டீஸில் சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு அது 42. ஐம்பதாயிரம் பில்லில் மினிமம் டியூ ஐந்து சதவீதம், இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 47,500-க்கு ஒரு மாத வட்டி 1,662 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 299. கிட்டத்தட்ட 1,960 ரூபாய் ஒரே மாதத்தில் போய்விடும். அந்த ஐம்பதாயிரத்துக்கு உங்களுக்கு வந்த பாயிண்டின் மதிப்பு ஐந்நூறைத் தாண்டியிருக்காது. அதோடு முடியாது. பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஏ.டி.எம்.மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலும் அதே கதைதான், மேலே தனிக் கட்டணம் வேறு.

முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆக, இனி நமக்கு நாமே காவல். கந்துவட்டிக்காரரைக் கண்டால் தெரு மாறிப் போகிற நாம், கார்டுப் பாக்கியை அதே கண்ணோடு பார்க்க வேண்டும். முழுப் பில்லையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியாது என்று தோன்றினால், பயணக் கார்டு மட்டுமல்ல, எந்தப் பாயிண்டுக் கார்டும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

விமானப் படம் போட்ட கார்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே விமான நிறுவனத்தோடு கட்டிப்போட்ட கார்டில் பாயிண்டின் உயிர் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அடிக்கடி பறப்பவருக்கு மைல் கணக்கு வைத்துப் பரிசு தரும் பழக்கம் 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழியாகப் பெரிதானது. நம் நாட்டில் அதன்பின் எத்தனை நிறுவனங்களைப் பார்த்துவிட்டோம். கிங்ஃபிஷர் 2012-ல் தரையிறங்கியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது, பாயிண்டுகள் புதிய கணக்குக்கு மாறின. பாயிண்ட் பணமல்ல. அதன் மதிப்பு இருபது காசா, ஐம்பது காசா, ஒரு ரூபாயா என்பதை வங்கி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று வருடம் சேர்த்து வைத்து மலேசியா போகலாம் என்று கனவு காணாமல், கிடைத்தவுடன் அடுத்த டிக்கெட்டில் கழித்துவிடுங்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து சிங்கப்பூர், துபாய், கொழும்பு போய் வரும் குடும்பங்கள் நம் வாசகர்களில் நிறைய. அச்சு இயந்திரம் பார்க்கச் சீனா போய் வருகிறவர்களும் உண்டு. சாதாரணக் கார்டை அங்கே தேய்த்தால் மூன்றரை சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம் போகும். ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். எந்தப் பாயிண்டும் இதை ஈடுகட்டாது. வெளிநாட்டுச் செலவுக்கென்றே கார்டு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கட்டணம் எவ்வளவு என்பது. கட்டணமே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. அங்கே கடை இயந்திரம் “ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா” என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்கு நாம் கட்டுப்பட வேண்டும்.

பாயிண்ட் எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியலையும் அந்தப் பொடி எழுத்தில் தேடிப் படியுங்கள். பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது, பல கார்டுகளில் இன்சூரன்சும் அரசுக்குக் கட்டும் பணமும்கூட. நம் வீட்டில் பெரிய செலவுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கம்பெனிச் சரக்கைச் சொந்தக் கார்டில் வாங்கிப் பாயிண்ட் சேர்க்கும் பழக்கமும் நம்மிடம் பரவியிருக்கிறது. ஒரு வருடத்தில் கார்டுப் பில்லுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டினால் அந்த விவரம் வருமான வரித் துறைக்குத் தானாகவே போய்விடும். ரொக்கமாகக் கட்டினால் ஒரு லட்சமே எல்லை. கணக்கு நேராக இருந்தால் பயமில்லை. நேராக இருக்கட்டும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கியில் “முதல் வருடம் இலவசம்” என்று தந்த கார்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். இரண்டாவது வருடம் கட்டணம் விழுந்தது. பழைய முகவரிக்குப் போன பில்லை நான் பார்க்கவில்லை. கட்டணத்துக்கு வட்டி, வட்டிக்கு வரி, தாமதக் கட்டணம் என்று ஏறி, வீட்டுக் கடனுக்குப் போனபோது என் சிபில் ஸ்கோர் குறைந்திருப்பது தெரிந்தது. ஒரு முறைகூடத் தேய்க்காத கார்டு அது. நேர்செய்ய ஏழு மாதம் ஆயிற்று. இன்றைக்கு விதி நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். கேட்காமல் கார்டு அனுப்பவும் கூடாது. வங்கியில் புகார் கொடுத்து முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448 என்ற எண். கார்டில் யாரோ பணம் எடுத்துவிட்டால் வங்கிக்கும் 1930-க்கும் உடனே சொல்லுங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்வது உங்கள் பொறுப்பைப் பெருமளவு நீக்கும். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதவரை.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். சனிக்கிழமை சம்பளம், கையில் ரொக்கம், சம்பளச் சீட்டு கிடையாது, தனக்கெல்லாம் கார்டு தருவார்களா என்று கேட்டிருந்தார். மகள் வெளியூரில் படிக்கிறாள், தட்கல் போடும்போதெல்லாம் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதாம். அம்மா, வழி இருக்கிறது. சிறு தொகையை எஃப்.டி. போட்டால் அதன் பிணையில் பல வங்கிகள் கார்டு தருகின்றன. எஃப்.டி.க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் பாயிண்டைப் பார்க்காதீர்கள். ஆண்டுக் கட்டணம் இல்லாததாக, ரூபே கார்டாக வாங்குங்கள். ரூபே கிரெடிட் கார்டை 2022 செப்டம்பரிலிருந்து யு.பி.ஐ.யில் இணைக்கலாம், மளிகைக் கடை கியூ.ஆர். அட்டையிலும் செல்லும். டிக்கெட் போட்ட அன்றே அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியும் கடைசியில் அதைத்தான் எடுத்தார், கட்டணமில்லாத ஒரு ரூபே கார்டு. மூன்று நோட்டீஸும் இன்னும் என் மேஜையில் இருக்கின்றன. கணக்கு எழுதிய தினசரித் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பில் கட்டும் கடைசித் தேதியை வீட்டுக் காலண்டரில் மாதாமாதம் சிவப்புப் பேனாவால் சுழித்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாராம். லைனில் இருப்பவனுக்கு நாள் கிழமை தெரியாது, வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். 1923-ல் அவர்கள் இங்கே தொடங்கிய தொழிலில்தான் இன்று நாமெல்லாம் சோறு தின்கிறோம். நம் பகுதியில் பயணம் என்பது பிழைப்பு. அதில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டுக்கு வர வேண்டும். திருமகள் வந்து தங்கித் தவம் செய்ததால் திருத்தங்கல் என்று பெயர் பெற்றதாக நின்ற நாராயணப் பெருமாள் கோயில் தலவரலாறு சொல்கிறது. அந்தத் திரு உங்கள் வீட்டிலும் தங்க வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் போன வருடத்து டிக்கெட்டுகளை எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வகுப்பு, தொகை, எத்தனை முறை என்ற மூன்று விவரம் போதும். உங்கள் கணக்கில் எந்தக் கார்டு தேறியது, எது தேறவில்லை என்பதை எங்களுக்கு எழுதுங்கள். ஐப்பசி இதழில் மற்ற வாசகர்களுக்குப் பயன்படும்படி வெளியிடுகிறோம். தபாலட்டையில் எழுதினாலும் போதும். கார்டு எண்ணையும், பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணையும் மட்டும் எங்களுக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்